பாசி முளைத்த கை

ஆடி அமாவாசை கழிந்த மறுநாள் காலையில், கோரைமுனை நம்புசெல்வி கருவாட்டுக் குழம்புக்கு மிளகாய் அரைக்கலாம் என்று அம்மியில் கை வைத்தபோது, அவளுடைய வலது கையில் ஐந்து விரல் நுனியிலும் மரிக்கொழுந்துப் பாசி முளைத்திருந்தது. கடலுக்குப் போனபோது ஒட்டிக்கொண்டு வந்ததாக்கும் என்று நினைத்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், போகவில்லை. சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள், போகவில்லை. சுண்டுவிரலில் இருந்ததைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் எப்படி வலிக்குமோ அப்படி வலித்தது. சரி, முளைத்தது முளைத்துவிட்டது, வீட்டில் சாப்பிட ஆள் இருக்கிறதே என்று இடது கையாலேயே மிளகாயை அரைத்து முடித்தாள். பிறகுதான் மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"என்னம்மா இது, பச்சையா?" என்றாள் மகள் வள்ளிமயில், நாற்பது நாள் பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே.

"பாசி."

"கழுவலையா?"

"கழுவிட்டேன். வேர் புடிச்சிருக்கு."

"அப்ப உப்புத் தண்ணில வைம்மா, காஞ்சிரப் போவுது" என்றாள் மகள். கடற்கரையில் பிறந்தவளுக்கு எதை எதில் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோரைமுனையில் ஆண்கள் மீனுக்குப் போவார்கள், பெண்கள் பாசிக்குப் போவார்கள். சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, செருப்புக்கு அடியில் கட்டிய தகரம், பத்து விரலுக்கும் பழந்துணிச் சுற்று, இடுப்பில் ஒரு வலைப்பை என்று கட்டிக்கொண்டு வள்ளத்தில் போய் இறங்கி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையைத் தடவித் தடவிப் பாசியைக் கிள்ளிக்கொண்டு மேலே வந்து, ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு மறுபடியும் முங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரைப் பாசி என்று கடலுக்குள் ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. இவற்றைக் காயவைத்து ஏஜண்டிடம் போட்டால், அது மருந்தாகிறது, சாயமாகிறது, ஐஸ்கிரீமாகிறது என்று அவர் சொல்வார். தர்கா கந்தூரிக்கு ஒரு தடவை, மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை ஐஸ்கிரீம் தின்கிற பெண்கள் "அப்படியா அண்ணே" என்று கேட்டுக்கொள்வார்கள்.

பாறை பாசியைச் சும்மா கொடுத்துவிடாது, பதிலுக்கு விரலைக் கேட்கும். எவ்வளவு துணி சுற்றினாலும் முப்பது வருஷத்தில் அந்தப் பெண்களின் கைரேகை முழுவதையும் பாறை தின்றுவிட்டது. ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷின் வந்த நாளிலிருந்து, கோரைமுனைப் பெண்கள் வைத்தால் அது சிவப்பு லைட்டைப் போட்டுக்கொண்டு, ஆள் இல்லை, ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பாசிச் சங்கத்துத் தலைவி சவேரியம்மாவுக்குக் கட்டைவிரலில் ஒரு காலத்தில் அழகான சங்குச் சுழி இருந்தது. ராணி மாதிரி வாழ்வாய் என்று சோசியக்காரன் சொன்னது. நம்புசெல்விக்கு இரட்டைச் சுழி. உனக்கு ரெண்டு புருஷன்டி என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். ராணி வாழ்க்கையும் வரவில்லை, ரெண்டாவது புருஷனும் வரவில்லை, சுழிகள் மட்டும் போய்விட்டன.

விரலையே கொடுத்து வாங்குகிற பாசி என்பதால் அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாசத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போக வேண்டும். சித்திரை பிறந்து நாற்பத்தைந்து நாள் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. இரண்டு விரலால்தான் கிள்ள வேண்டும், வேரைத் தொடக் கூடாது. இரும்பு பாறைமேல் படவே கூடாது. மீறினவள் யாராயிருந்தாலும் ஆறு மாசம் கடலில் கால் வைக்கக் கூடாது. இது எந்த ஆபீஸும் போட்ட சட்டமல்ல, பெண்களே மாதா சுரூபத்துக்கும் அம்மன் படத்துக்கும் நடுவில் உட்கார்ந்து பேசிப் போட்டுக்கொண்டது.

இந்த வருஷம் வைகாசியில் போய்ப் பார்த்தபோது மூக்குப்பாறை மொட்டையாகக் கிடந்தது. மூக்குப்பாறைதான் அவர்களுடைய பாறைகளில் பெரியது. மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள். ஒரு இழை பாசி இல்லை, ஒளிந்துகொள்ளப் பாசி இல்லாததால் ஒரு குட்டி மீன் இல்லை, எலும்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. வெயில் என்றார்கள் சிலர், கடல் சூடாகிவிட்டது என்றார்கள் சிலர், விசைப்படகு வலையை இழுத்துவிட்டது என்றார்கள் சிலர். நம்புசெல்வி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் தான்தான் காரணம் என்று அவள் நம்பினாள்.

அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. சித்திரைக் காற்றில் அவள் வீட்டுக் கூரை பறந்துபோய் ஊருணியில் விழுந்தது. வள்ளிமயில் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வர வேண்டிய மாசம். தடைக்காலம் என்பதால் புருஷன் நாகசாமிக்கும் கடல் இல்லை, அவளுக்கும் கடல் இல்லை. நிறைமாசக்காரியை வானத்துக்குக் கீழே படுக்கவைக்கவா என்று அவள் தனக்குள் கேட்டுக்கொண்டாள். ஊரே உண்டுவிட்டுப் படுத்திருந்த ஒரு உச்சிவெயில் நேரத்தில், தனியாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு மூக்குப்பாறைக்குப் போனாள். கையால் கிள்ளினால் நாலு நாள் ஆகும் என்று, படகின் அடியில் ஒட்டுகிற சிப்பியைச் சுரண்ட நாகசாமி வைத்திருந்த இரும்புச் சுரண்டியையும் எடுத்துப் போயிருந்தாள். அதை வைத்து வேரோடு வழித்தாள். தண்ணீருக்குள் இரும்பு பாறையில் உரசிய சத்தம் அவள் பல்லில் கேட்டது. மூன்று சாக்குப் பாசி, வெளியூர் ஏஜண்டு ஒருத்தர், மறுவாரம் வீட்டுக்குமேல் புதுத் தகரம். வந்த பதற்றத்தில் சுரண்டியை எங்கே விட்டாள் என்று தெரியவில்லை. இரண்டு நாள் தேடினாள், கடல் விழுங்கிவிட்டது என்று விட்டுவிட்டாள். ஆனியில் அந்தத் தகரத்துக்குக் கீழேதான் பேத்தி பிறந்தாள். மழை பெய்தால் தகரம் எழுப்புகிற சத்தத்தில் பிள்ளை சிரித்தது, நம்புசெல்விக்குப் பல் கூசியது.

இப்படிப்பட்டவள் கையில்தான் பாசி முளைத்தது.

ஊருக்குத் தெரிய ஒரு மணி நேரம் ஆனது. தெரிந்த பிறகு ஊர் செய்ய வேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் செய்தது. முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் படைதேமலுக்குப் போடுகிற களிம்பை எழுதிக் கொடுத்தார். போட்டதும் பாசி இன்னும் செழிப்பாக வளர்ந்தது. பூசாரியைக் கேட்டார்கள், அம்மன் வேலை இல்லை, இது கடல் வேலை என்றார். பங்குச்சாமியாரைக் கேட்டார்கள், வேதத்தில் காய்ந்த கோல் துளிர்த்திருக்கிறது, கை துளிர்த்ததாக இல்லை, ஆனாலும் தடை ஒன்றும் இல்லை என்றார். ரேஷன் கடைக்காரர் வேடிக்கையாக அவள் விரலை மெஷினில் வைக்கச் சொன்னார். பாசியின் ஈரத்தோடு வைத்தாள், பச்சை லைட் எரிந்தது, நம்புசெல்விக்கு ஐந்து வருஷத்துக்குப் பிறகு யார் சிபாரிசும் இல்லாமல் அரிசி கிடைத்தது. மெஷின் யாரைக் கண்டு ஒத்துக்கொண்டது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நாகசாமி நீல டிரம் ஒன்றை இரண்டாக வெட்டி, கடல் தண்ணீர் நிரப்பி வாசலில் வைத்தான். அவள் அதில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இடது கையில் கஞ்சிப் பாசி வந்தது. முழங்கைக்குக் கீழே கட்டக்கோரை தொங்கியது. கிணற்றடியில் குளித்த அன்று பிடரியில் நீர்ப்பாசி வழுவழுத்தது, தூறல் விழுந்த அன்று குதிகாலில் பழைய சுவரில் பிடிக்குமே அந்த வெல்வெட்டுப் பாசி பிடித்தது. அவளோடு பாசிக்கு முங்குகிற எதிர்த்தெரு ஜுலைகா பீவி தயங்கித் தயங்கி வந்து, "செல்வி, பிரியாணிக்குப் போடுற கல்பாசி வருமாடி?" என்று கேட்டாள். அது மலையில் வளர்கிற சாதி, கடல்காரி மேல் எப்படி வரும் என்று எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் முழங்கை முட்டியில் கருப்பும் சாம்பலுமாக ஒரு பொருக்கு எழும்பி, கல்யாண வீட்டு வாசனை அடித்தது. பாசிப்பயறும் பாசிமணியும் மட்டும் வரவில்லை; பெயர் ஒன்றாக இருந்தால் போதுமா, பங்காளியாகிவிட முடியுமா? ஆனால் சந்தைக்குப் பாசிமணி விற்க வருகிற பெண் இதைக் கேட்டுவிட்டுத் தேடி வந்து, "நாமல்லாம் ஒரே பேருக்காரங்க தாயி" என்று சொல்லி, ஒரு பச்சைச் சரத்தை அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டு, காசு வேண்டாம் என்று போய்விட்டாள்.

பிள்ளைக்கு மட்டும் இந்த விஷயத்தில் ஒரு கருத்து இருந்தது. தகரத்துக்குக் கீழே மத்தியானப் புழுக்கத்தில் வீறிட்டு அழும்போது நம்புசெல்வி தன் பாசிக் கையை அதன் வயிற்றில் வைத்தால், அந்தக் குளிர்ச்சியில் உடனே அடங்கிவிடும். பாசியை ஒரு கொத்தாகப் பிடித்துக்கொண்டே தூங்கும். அவள் வலியைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

பாசி வளர்ந்தால் எடுக்கத்தானே வேண்டும், அதற்குச் சங்கம் கூடியது. சவேரியம்மா எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

"பாசி எங்க மொளைச்சாலும் அது பாறைதான்" என்றாள். "பாறைக்கு உள்ள சட்டம் இவளுக்கும் உண்டு. அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள். ரெண்டு வெரல்ல கிள்ளணும். வேர்ல கைபட்டுச்சு, மொத அடி என்கிட்டதான் வாங்குவீங்க."

அப்படியே செய்தார்கள். பதினெட்டுப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, தரையில்தானே நிற்கிறோம் என்றுகூட நினைக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருத்தியாக டிரம்முக்கு முன்னால் குனிந்து, ஆளுக்கு ஒரு கொத்துக் கிள்ளி வலைப்பையில் போட்டுக்கொண்டு, எழுந்துபோய் மூச்சு விட்டார்கள். கிள்ளும்போது வலிக்கவே இல்லை. முப்பது வருஷமாக அவளோடு முங்கிய பெண்களின் விரல் எவ்வளவு பதமானது என்று அன்றைக்குத்தான் நம்புசெல்விக்குத் தெரிந்தது. வேர் நோகாமல், அடுத்த தடவைக்கு விட்டுவைத்து, நன்றாக இரு என்று சொல்வது மாதிரி எடுத்தார்கள். ஒருத்திகூட ஒரு கொத்துக்குமேல் எடுக்கவில்லை. இவர்கள் பாறையையும் இப்படித்தானே தொட்டார்கள், நான் என்ன செய்தேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். உப்புத் தண்ணீர் டிரம்மில் ஒரு சொட்டு அதிகமாக விழுந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

பௌர்ணமிக்கு அடுத்த நாள், இடது கையில் கிள்ளிய கஞ்சிப் பாசியைக் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் ரோஸ் சிரப்பும் விட்டு, ஜுலைகா பீவி ஒரு பெரிய தாம்பாளம் நிறையக் கடல்பாசி இனிப்பு செய்துகொண்டு வந்தாள். நோன்பு திறக்கும்போது செய்வாளே, அதே பக்குவம். தொட்டால் ஆடும், வாயில் போட்டால் கரையும். துண்டு போட்டு முதல் துண்டை ஒரு கிண்ணத்தில் வைத்து, "ஒன் கையில வெளைஞ்சது, மொதல்ல நீ தின்னுடி" என்று நீட்டினாள். சுற்றி எல்லாப் பெண்களும் அவள் தின்னட்டும் என்று காத்திருந்தார்கள்.

நம்புசெல்வி கிண்ணத்தை வாங்கினாள். வாயருகே கொண்டுபோய்த் திரும்பக் கீழே வைத்தாள்.

"என்னால முடியாது" என்றாள்.

"ஏன்டி, இனிப்பு கூடிப்போச்சா?"

"நான்தான் மூக்குப்பாறைய அழிச்சேன்" என்றாள் நம்புசெல்வி. பிறகு நிறுத்த முடியவில்லை. கூரை பறந்ததையும், உச்சிவெயிலையும், சுரண்டியையும், மூன்று சாக்கையும், தகரத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள். "நீங்க என் வேரத் தொடல. நான் அதோட வேர அறுத்தேன். எனக்கு எதுக்கு இனிப்பு?"

வீட்டுக்குள் வள்ளிமயில் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள். சவேரியம்மா எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் பழைய துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தாள். நாகசாமியின் சுரண்டி, எண்ணெய் தடவி, ஒரு பொட்டுத் துருக்கூட இல்லாமல் இருந்தது.

"வள்ளத்துக்குள்ளயே போட்டுட்டுப் போயிட்ட. அன்னிக்கே எடுத்துட்டேன்" என்றாள்.

"அக்கா… தெரியுமா?"

"தெரியும்டி. அதுல மரிக்கொழுந்து வேரோட ஒட்டியிருந்துச்சே."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா சங்கத்துல வைக்கணும். வச்சா ஏச்சும் பேச்சுமா இருக்கும். நெறமாசப் புள்ள வந்து எறங்குற வீட்டுல அது வேணாம்னு நெனச்சேன். புள்ள பொறக்கட்டும், தீட்டுக் கழியட்டும், நீயா வருவேன்னு இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "கொஞ்சம் லேட்டாத்தான் வந்திருக்க. பரவால்ல. இப்ப தின்னு."

நம்புசெல்வி அழுதுகொண்டே தின்றாள். நாலு மாசமாக ஒருத்தி என் மானத்தைத் துணியில் சுற்றி எண்ணெய் தடவி வைத்திருந்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்க, அவளுக்கு அந்த இனிப்பு தொண்டையில் இறங்கிக்கொண்டே இருந்தது. அவ்வளவு நன்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இன்னொரு துண்டு கேட்டாள்.

மன்னிப்பு வேறு, சட்டம் வேறு. அன்று சாயங்காலமே சங்கம் கூடி, நம்புசெல்வி ஆறு மாசம் கடலில் கால் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தது. அவளும் சரி என்று தலையாட்டினாள். முடிவெடுத்துவிட்டு எழுந்தபோதுதான் ஜுலைகா பீவி ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"அது சரி, அந்தக் கையில இருக்குற பாசிய மூக்குப்பாறையில கொண்டு வச்சா புடிக்குமே. கிள்ளிக் கொண்டு போனா வேர் இருக்காது. வேரோட கொண்டு போகணும்னா இவளயில்ல கொண்டு போகணும்?"

எல்லாரும் மறுபடி உட்கார்ந்தார்கள். பாறை பிழைக்க வேண்டுமானால் அவள் போக வேண்டும். சட்டம் பிழைக்க வேண்டுமானால் அவள் போகக் கூடாது. ஒருதரம் போய்வரட்டும், பிறகு தண்டனையைத் தொடங்கலாம் என்றாள் ஒருத்தி. ஒருதரம் வளைத்த கம்பு நிமிருமா என்றாள் இன்னொருத்தி. இருட்டுகிறவரை பேசினார்கள். கடைசியில் சவேரியம்மாதான் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.

"ஆடியில நாம என்ன முடிவு பண்ணோம்? பாசி எங்க மொளைச்சாலும் அது பாறைன்னு பண்ணோமா இல்லையா?"

"பண்ணோம்."

"அப்ப இவ பாறை. தண்டனை நம்புசெல்விக்கு. பாறைக்கு என்ன தண்டனை? கல்லத் தூக்கி வள்ளத்துல வப்போம். கல்லு தானா நடக்காது, தானா எறங்காது, அவ கால் கடல்ல படாது. நாமதான் தூக்கணும், நாமதான் எறக்கணும்."

மறுநாள் காலையில் பதினெட்டுப் பெண்களும் அவளைத் தூக்கினார்கள். கால் தரையில் படாமல், தண்ணீரில் படாமல், முழங்காலை மடக்கிச் சேலையால் கட்டி, பாரக்கல்லை ஏற்றுகிற மாதிரி வள்ளத்தில் ஏற்றினார்கள். நல்ல கனம்டி நீ, கல்லேதான் என்று ஒருத்தி சொல்ல, நடுக்கடல்வரை சிரித்துக்கொண்டே போனார்கள். நாகசாமி கரையில் நின்று சங்கடத்தோடு பார்த்தான். தன் சுரண்டியால் வந்த வினை என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்கு அவன் அதை மாதா கோயில் உண்டியலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க, இரும்பு என்னய்யா பாவம் செய்தது, போய்ப் படகைச் சுரண்டு என்று சாமியார் திருப்பி அனுப்பிவிட்டார்.

மூக்குப்பாறையில் அவளைத் தலைகீழாக இறக்கினார்கள். நாலு பேர் காலைப் பிடித்துக்கொண்டு மேலே, நாலு பேர் கூடவே முங்கி இரண்டு பக்கமும். கை பாறையில் பட்டது. இத்தனை வருஷமும் எடுப்பதற்கென்றே அந்தப் பாறைக்கு நீட்டிய கை, முதல் தடவையாகக் கொடுப்பதற்காகப் போய் நின்றது. மூச்சு இருக்கிறவரை அழுத்தி வைத்தாள், தூக்கினார்கள், மறுபடி இறக்கினார்கள். ஒரு நாளில் இருபத்தைந்து முறை. பாறையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பிளவு, மூக்கு எல்லாம் அவளைக் கொண்டு ஒற்றியெடுத்தார்கள். மூன்றாம் நாள் கடைசி முங்கலில் வலது கைப் பாசியும் இடது கைப் பாசியும் கையுறை கழல்கிற மாதிரி கழன்று பாறையில் ஒட்டிக்கொண்டன. வெளியே வந்தபோது அவள் கை பிறந்த பிள்ளையின் உள்ளங்கால் மாதிரி சிவந்து, ஒரு கோடு இல்லாமல் இருந்தது. பிடரியிலும் முழங்கையிலும் குதிகாலிலும் இருந்த மற்றப் பாசிகளும் உதிர்ந்துவிட்டன. மணிக்கட்டில் பாசிமணிச் சரம் மட்டும் பச்சையாகக் கிடந்தது.

அந்த ஆறு மாசம் அவள் மட்டும் கரையில் இருக்கவில்லை. "புள்ளப் பெத்தவள மறுநாளே வேலைக்கு அனுப்புவாங்களா? பாறைக்கும் பேறுகாலம்தான்" என்று சவேரியம்மா சொன்னதும், பதினெட்டுப் பேரும் வலைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, மீன் கம்பெனியில் இறால் உரிக்கவும் கருவாடு காயப்போடவும் போனார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை என்று சொன்னால் பொய். இறால் உரிக்கும்போது முள் குத்தினால் நம்புசெல்வியின் பெயரைச் சொல்லித்தான் திட்டினார்கள். ஆனால் சாயங்காலம் திரும்பும்போது அவள் வாசலில் நின்று பேத்தியை ஆளுக்கு ஒருதரம் தூக்காமல் போகவும் மாட்டார்கள். பிள்ளை இப்போது மத்தியானப் புழுக்கத்தில் கொஞ்சம் அழும். அவள் வெறுங்கையை வயிற்றில் வைப்பாள். பழைய குளிர்ச்சி இல்லை என்று அது கண்டுகொண்டு, பிறகு போனால் போகிறதென்று தூங்கிவிடும்.

மாசிப் பௌர்ணமி கழித்து வள்ளங்கள் மூக்குப்பாறைக்குப் போயின. இந்த முறை நம்புசெல்வி தன் காலாலேயே நடந்து, தன் காலாலேயே தண்ணீரில் இறங்கினாள். பதற்றத்தில் பாதி மூச்சு மேலேயே போய்விட்டது. முங்கினாள்.

பாறை பச்சையாக இருந்தது. வெறும் பச்சை இல்லை, வரிவரியாக இருந்தது. கை பட்டுப் பட்டுத் தேய்ந்துபோன ரேகைகளையெல்லாம் பாறை தொலைக்காமல் வைத்திருந்திருக்கிறது. அந்த வரிகளின் மேலேயே பாசி ஏறியிருந்தது. இங்கே ஒரு சுழி, அங்கே ஒரு வளைவு, பாய் அளவுக்குப் பெரிதாக ஒரு கட்டைவிரல். ஜுலைகா பீவி தன் விரலைக் கண்டுபிடித்து, கண்ணாடிக்குள் கண்ணை விரித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி நீந்தினாள். பாறையின் மூக்கில், நடுவில் மீன்முள் கிழித்த தழும்போடு, சவேரியம்மாவின் சங்குச் சுழி அசைந்துகொண்டிருந்தது. அதற்குள் ஆயிரம் குட்டி மீன்கள் ஓடின. போன வருஷம் காய்ச்சலில் செத்துப்போன செபஸ்தியாளின் சுண்டுவிரல்கூடக் கீழ்ப்பிளவில் இருந்தது. அவளுடைய நாத்தனார் அதைத் தடவிக்கொடுத்தாள்.

நம்புசெல்வி தன்னுடையதைத் தேடினாள். மேலே போய் மூச்சு எடுத்து வந்து தேடினாள். கிடைக்கவில்லை. எனக்கு இருக்காது, இருக்க நியாயமும் இல்லை என்று ஒத்துக்கொண்டு திரும்பப்போனபோது, சவேரியம்மா அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாறையின் மறுபக்கம் போனாள். அங்கே இரும்பு வழித்த இடம் இருந்தது, ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு வெள்ளையாக, ஒரு இழை பாசி இல்லாமல். அந்த வெள்ளையைச் சுற்றிலும், ஆறிவருகிற புண்ணின் ஓரம் மாதிரி, அவளுடைய இரட்டைச் சுழி இரண்டு பக்கத்திலிருந்தும் வளைத்துக்கொண்டு நின்றது.

எடு, நீ முதலில் எடு என்று சவேரியம்மா தண்ணீருக்குள் கை காட்டினாள். நம்புசெல்வி இரண்டு விரலால், வேர் நோகாமல், ஒரு கொத்து மட்டும் கிள்ளினாள். இருவரும் ஒன்றாக மேலே வந்து காற்றை விழுங்கினார்கள்.

"இன்னும் எடுக்கலாம்டி. கெடக்கு எவ்வளவோ" என்றாள் சவேரியம்மா.

"போதும்க்கா. இருக்கட்டும்" என்றாள் நம்புசெல்வி.

வெள்ளையான அந்த இடத்தில் இன்றைக்குவரை பாசி முளைக்கவில்லை. ஒவ்வொரு தடவை முங்கும்போதும் நம்புசெல்வி முதலில் அங்கேதான் போவாள். விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து, ரேகை இல்லாத உள்ளங்கையை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பிறகுதான் மற்ற இடத்தில் கிள்ளப் போவாள். பாறை ஒருநாளும் அந்தக் கையை வேண்டாம் என்று சொன்னதில்லை.